மூட் அறிவிப்பு யாருக்குப் போகவில்லை? சட்டக் கல்லூரியில் எல்லாருக்கும் இடம் செய்ய ஒரு வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் கோலாலம்பூரில் ஒரு சட்டக் கல்லூரியில் பகுதிநேரமாக டியூட்டோரியல் எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே மூட் அணிக்குத் தேர்வு நடந்தது. மாதிரி நீதிமன்றத்தில் வாதாடும் போட்டியைத்தான் மூட் என்கிறோம். தேர்வுக்கு வந்தவர்கள் பத்துப் பதினொரு பேர். இன வாரியாகப் பார்த்தால் எல்லாரும் கலந்துதான் இருந்தார்கள். ஆனால் ஏறக்குறைய அத்தனை பேரும் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்கள், நகரத்தின் வசதியான பகுதிகளில் வளர்ந்தவர்கள். என் வகுப்பில் தீர்ப்புகளை வரி வரியாகப் படித்துவிட்டு வரும் ஒரு பெண்ணை அங்கே காணவில்லை. மறுநாள் கேட்டேன்.

“தேர்வு நடந்துச்சா மிஸ்? எனக்குத் தெரியாதே!”

அறிவிப்பு எந்த வழியாகப் போனது என்று விசாரித்தேன். மூத்த மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்டிருந்தார். அவர்கள் தங்கள் நண்பர்களுக்கு அனுப்பினார்கள், அந்த நண்பர்கள் தங்கள் நண்பர்களுக்கு. வேண்டுமென்றே யாரும் அவளை ஒதுக்கவில்லை. குற்றவாளிக் கூண்டில் ஏற்ற ஓர் ஆள்கூட இல்லை. ஆனாலும் அவள் வெளியேதான் நின்றாள்.

அன்றிலிருந்து எந்தச் சட்டக் கல்லூரிக்குள் போனாலும் ‘செய்தி யாருக்குப் போகவில்லை?’ என்றுதான் முதலில் பார்க்கிறேன். பன்முகத்தன்மை, உள்ளடக்கம் என்று பெரிய சொற்களில் பேசுகிறார்களே, அதில் முக்கால் பங்கு இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும் என்பது என் கணக்கு. மீதிக் கால் பங்கு படிக்கட்டு, சாப்பாடு, புகார் கொடுக்கும் வழி. ஆளுக்கொரு இன உடை உடுத்தி மேடை ஏறும் கலாசார இரவை நான் குறை சொல்லவில்லை. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். மறுநாள் காலை உணவகத்தில் அதே மேசைகளில் அதே முகங்கள்தான் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான்.

மாணவர் சங்கப் பொறுப்பில் இருப்பவர்களையும், டியூட்டோரியல் எடுக்கும் என்னைப் போன்றவர்களையும் மனத்தில் வைத்து எழுதியது இது. ஒரு கல்வியாண்டுக்குள் செய்து முடிக்கக்கூடிய வரிசையில் சொல்கிறேன்.

1. முதல் மாதம் சும்மா பாருங்கள்

நான்கு வாரத்துக்கு எந்தத் திட்டமும் போடாதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மதியம் யார் யாரோடு உட்காருகிறார்கள்? வகுப்பில் கேள்வி கேட்பது யார்? எல்லாரும் போன பிறகு தனியாக வந்து கேட்பது யார்? விரிவுரை முடிந்ததும் பேச்சுக்கு நிற்காமல் ஓடுவது யார்? ரவாங்குக்கோ சிரம்பானுக்கோ கொமுட்டர் ரயில் பிடிக்க ஓடுகிறவரும், மாலை வேலைக்கு ஓடுகிறவரும் உங்கள் கூட்டங்களுக்கு வருவதில்லை. ஆர்வம் இல்லை என்று அவர்களைப் பற்றி எழுதிவிடாதீர்கள்.

இனத்தை மட்டும் எண்ணினால் பாதிப் படம்தான் தெரியும். சட்டம் படிக்க வந்த வழியையும் பாருங்கள். 1972இல் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழகச் சட்டத்துறை போன்ற இடங்களில் படித்தவருக்கு சி.எல்.பி. என்ற வழக்கறிஞர் தகுதித் தேர்வு கிடையாது. தனியார் கல்லூரியில் லண்டன் பல்கலைக்கழக வெளிநிலைப் பட்டம் படிப்பவர், பட்டம் வாங்கிய பிறகும் சி.எல்.பி.யின் ஐந்து தாள்களைத் தாண்ட வேண்டும். கடைசி ஆண்டை இங்கிலாந்தில் முடிக்க வசதி உள்ளவர் ஒருவர், அதே பாடத்தை இங்கேயே உட்கார்ந்து முடிப்பவர் இன்னொருவர். இந்த ஏணியில் யார் எந்தப் படி என்பது மாணவர்களுக்கு நன்றாகவே தெரியும். ‘எக்ஸ்டர்னலா?’ என்று கேட்கும் தொனியே போதும். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வை முடித்து வந்தவர், ஏ-லெவல் முடித்து வந்தவர், பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர், வீட்டிலேயே முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்தவர் என்று எல்லாரையும் அந்த நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு பெயர் கேட்காத ஒரு சின்னக் கருத்தாய்வு நடத்தலாம். ஆறு கேள்விக்கு மேல் வேண்டாம். இனத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்றால் மலாய், சீனர், இந்தியர், ‘லாயின் லாயின்’ என்ற அந்தப் பழைய நான்கு பெட்டிகளைப் போடாதீர்கள். சபாவின் கடசானும் சரவாக்கின் இபானும் தீபகற்பத்துப் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லியும் பிறந்தது முதல் அந்த ‘மற்றவர்’ பெட்டியில் கோடு போட்டுப் போட்டுச் சலித்துப் போனவர்கள். ஒரு வெற்றுக் கோடு விடுங்கள், அவரவர் எழுதிக்கொள்வார்கள். மதமும் உடல்நிலையும் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிக் கவனத்தோடு கையாளச் சொல்லும் தகவல்கள். உங்கள் சங்கத்தை அந்தச் சட்டம் கட்டுப்படுத்துமா இல்லையா என்று வாதாடுவதற்கு முன், அதே கவனத்தை நீங்களாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரிவில் மூன்று பேர்தான் இருக்கிறார்கள் என்றால் அவர்களின் பதிலைத் தனியாக வெளியிடக் கூடாது. பெயர் இல்லாவிட்டாலும் யார் என்று வகுப்புக்கே தெரிந்துவிடும்.

2. சட்டம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சட்ட மாணவர்களுக்கு இந்தப் பகுதி இனிக்கும். அதற்காக இங்கேயே குடியேறிவிட வேண்டாம்.

அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிறது. அதன் இரண்டாம் உட்பிரிவு மதம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் இவற்றால் குடிமக்களுக்குள் பாகுபாடு கூடாது என்கிறது. பாலினம் அந்தப் பட்டியலில் 2001இல்தான் சேர்ந்தது. ஆனால் இது தனியார் கல்லூரியைக் கட்டுப்படுத்துமா? கர்ப்பமானதால் வேலையிழந்த விமானப் பணிப்பெண் பியட்ரிஸ் பெர்னாண்டஸின் வழக்கில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 2005இல் சொன்னது, அரசியலமைப்பு உரிமைகள் அரசுக்கு எதிரானவை, தனியார் ஒப்பந்தங்களுக்குள் அவை நுழையா என்பதுதான். கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலை மறுக்கப்பட்ட தற்காலிக ஆசிரியை நூர்ஃபடிலாவோ 2011இல் ஷா ஆலாம் உயர்நீதிமன்றத்தில் வென்றார். எதிரே நின்றது அரசு. அதனால் அரசுப் பல்கலைக்கழகத்தில் இருப்பவர் அரசியலமைப்பைச் சுட்டிக்காட்டலாம். தனியார் கல்லூரியில் இருப்பவருக்கு மாணவர் கையேடுதான் ஆயுதம். அதை எடுத்துப் படியுங்கள். பாகுபாடு என்ற சொல் அதில் எங்கேயாவது இருக்கிறதா? இல்லையென்றால் அதைச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுப்பதுதான் உங்கள் முதல் கடிதம்.

மலாய்க்காரர், சபா சரவாக் பூர்வகுடியினரின் சிறப்பு நிலையைச் சொல்லும் 153ஆவது பிரிவு பற்றி யாராவது கட்டாயம் எழுப்புவார்கள். இடஒதுக்கீடும் சேர்க்கைக் கொள்கையும் நாடாளுமன்றத்திலும் அமைச்சிலும் முடிவாகிறவை. உங்கள் கூட்டத்தை அந்தப் பேச்சு விழுங்கிவிட்டால் அந்த ஆண்டு போச்சு. உள்ளே வந்துவிட்டவர்களுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் உங்கள் கைக்கு எட்டுவது.

3. தகவலுக்கு ஒரே வாசல் வையுங்கள்

மற்றதைச் செய்ய முடியாவிட்டாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

மூட் தேர்வு, பயிற்சி வேலை, உதவித்தொகை, சங்கத் தேர்தல், பேச்சாளர் வருகை என எந்த வாய்ப்பானாலும் எல்லா மாணவரும் இருக்கும் ஒரே அதிகாரபூர்வத் தளத்தில் முதலில் வர வேண்டும். பிறகு எந்தக் குழுவில் வேண்டுமானாலும் பகிரட்டும். அறிவிப்புக்கும் கடைசி நாளுக்கும் நடுவில் குறைந்தது ஏழு நாள் இருக்க வேண்டும். லிஃப்ட் பக்கத்தில் ஒரு காகிதமும் ஒட்டுங்கள். பழைய வழிதான், ஆனால் லிஃப்டுக்காக எல்லாரும் நின்றே ஆக வேண்டும்.

அறிவித்தாலே வந்துவிடுவார்கள் என்று நினைத்துத்தான் நான் ஏமாந்தேன். அடுத்த முறை அந்தப் பெண்ணுக்கு நானே நேரில் சொன்னேன். “எனக்கு மூட் எல்லாம் சரிப்படாது மிஸ். அவங்க எல்லாம் ஃபர்ஸ்ட் இயர்ல இருந்தே செய்றாங்க” என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதன்பின் தேர்வுக்கு முன்னால் இரண்டு மாலைகளில் பழக்க அமர்வு வைத்தோம். நீதிபதியை எப்படி விளிப்பது, எதிர்த்தரப்பு வாதத்தை எப்படிக் குறித்துக்கொள்வது, கேள்வி வந்தால் எங்கே நிறுத்துவது என்று சொல்லிக் கொடுத்தோம். மூத்தவர்கள் வேண்டுமென்றே தப்பும் தவறுமாக வாதாடிக் காட்டினார்கள். சிரித்துச் சிரித்து பயம் போனது. முதல்முறை போட்டியிடுகிறவர்களுக்கென்று அணியில் இரண்டு இடங்களை ஒதுக்கினோம். தரம் குறையும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். குறையவில்லை.

அடுத்தது குறிப்புகள். நல்ல மூத்தவரின் குறிப்புக் கட்டு ஒரு நட்பு வட்டத்துக்குள்ளேயே சுற்றும். அது சொத்து மாதிரி, அண்ணனிடமிருந்து தம்பிக்குப் போகும். அந்தச் சொத்தைப் பொதுவாக்குங்கள். பழைய கேள்வித்தாள், நல்ல விடைகளின் மாதிரி, படிக்க வேண்டிய வழக்குகளின் பட்டியல் எல்லாம் ஒரே பகிர்வுக் கோப்பகத்தில் இருக்கட்டும். எழுதிக் கொடுத்தவர் பெயரை மேலே போடுங்கள். பெயர் போட்டால் கொடுக்கத் தயங்குகிறவர்களும் கொடுப்பார்கள்.

தகவல் அதிகமாக ஒளிந்திருப்பது சேம்பரிங் விஷயத்தில்தான். 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டப்படி ஒன்பது மாதம் ஒரு வழக்கறிஞரிடம் பயிற்சி எடுக்க வேண்டும். எந்த அலுவலகத்தில் என்ன சம்பளம், யார் கற்றுக்கொடுப்பார், யார் காபி வாங்கிவர மட்டும் அனுப்புவார் என்பதெல்லாம் வாய்வழிச் செய்தி. மாமாவோ சித்தப்பாவோ லாயராக இருக்கும் வீட்டில் அது சாப்பாட்டு மேசையிலேயே கிடைக்கும். ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்தவருக்கு யார் சொல்வது? ஆண்டுக்கு ஒருமுறை, சேம்பரிங் முடித்த நான்கைந்து பேரைக் கூப்பிட்டு, விரிவுரையாளர்கள் இல்லாத அறையில் மனம்விட்டுப் பேச விடுங்கள். முதலாண்டு மாணவர்களை ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்துக்கு ஒரு காலை கூட்டிப் போங்கள். திறந்த நீதிமன்றத்தில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம். செலவு ரயில் காசும் பஸ் காசும்தான்.

இன்னொன்று, கறுப்புக் கோட்டு. பயிற்சிக்குப் போக வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு, மூடிய காலணி எல்லாம் புதிதாக வாங்கினால் ஒரு மாதச் சாப்பாட்டுக் காசு போய்விடும். படித்து முடித்தவர்களிடம் பழைய கோட்டுகளை வாங்கிச் சங்க அறையில் ஓர் அலமாரியில் தொங்கவிடுங்கள். கையெழுத்து, பதிவேடு எதுவும் வேண்டாம். எடுத்துக்கொண்டு போகட்டும்.

4. பெயரைச் சரியாகச் சொல்லுங்கள்

சின்ன விஷயம் மாதிரித் தெரியும். நம் பெயர்களில் குடும்பப் பெயர் கிடையாது. அடையாள அட்டையில் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) போட்டு அப்பா பெயர் வரும். வெளிநாட்டுப் படிவம் ‘கடைசிப் பெயர்’ கேட்டதும் அப்பா பெயரை நிரப்புவோம். அப்புறம் மூன்று வருடம் அப்பா பெயரிலேயே நம்மைக் கூப்பிடுவார்கள். ஒரு சான்றிதழில் என்னை வெறும் ‘ஏ/பி’ என்றே அச்சடித்திருந்தார்கள். பெயர் இடப் பக்கம் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. ‘பின்’, ‘பிந்தி’, ‘அனாக்’ என்று போட்டு அப்பா பெயர் எழுதுகிறவர்களுக்கும் இதே தொல்லைதான். சீனப் பெயர்களில் குடும்பப் பெயர் முன்னால் வருவதால் அவர்களைப் பாதிப் பெயரில் கூப்பிடுகிறோம்.

உங்கள் படிவங்களில் ‘முழுப் பெயர்’ என்று ஒரு பெட்டி, ‘எப்படிக் கூப்பிட வேண்டும்’ என்று இன்னொரு பெட்டி. முதல் டியூட்டோரியலில் ஒவ்வொருவரையும் தன் பெயரைத் தானே சொல்லச் சொல்லி, உச்சரிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். தப்பாகச் சொன்னால் திருத்தச் சொல்லுங்கள். திருத்தினால் முகம் சுளிக்காதீர்கள்.

5. மொழி

நீதிமன்ற மொழி தேசிய மொழி என்கிறது 1963/67ஆம் ஆண்டின் தேசிய மொழிச் சட்டம். நீதி கருதி ஆங்கிலத்தை அனுமதிக்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. வழக்கறிஞராகப் பதிவு செய்ய தேசிய மொழித் தகுதி வேண்டும். பாடமும் தீர்ப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழ்ப்பள்ளியில் படித்து, மலாய்மொழி இடைநிலைப் பள்ளிக்குள் நுழையும் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக உட்கார்ந்து, பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மை மலாயில் எழுதி, இப்போது ஆங்கிலத்தில் டார்ட் என்ற குடிமைத் தீங்குச் சட்டம் படிக்கிற ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் மூன்றாவது மொழியில் சிந்தித்துக்கொண்டிருக்கிறார். சீனப்பள்ளியிலிருந்து வந்தவரும் அப்படித்தான். கிளந்தானிலிருந்து வந்த மலாய் மாணவருக்கும் ஆங்கிலம் எட்ட நிற்கும் மொழிதான், அதை நாம் மறந்துவிடுகிறோம். மறுபக்கம், பங்சார் மாதிரி வசதியான பகுதியில் வளர்ந்து ஆங்கிலத்தில் வெளுத்துக் கட்டும் நம் பிள்ளைகள் பலர் மலாயில் ஒரு மனு எழுதச் சொன்னால் திணறுவார்கள். பயம் எல்லாரிடமும் இருக்கிறது, பயப்படும் மொழிதான் வேறு.

வகுப்பில் செய்ய வேண்டியது, கேள்வியைக் கேட்டவுடன் கை தூக்குகிறவரைப் பார்க்காமல் இருப்பது. இரண்டு நிமிடம் கொடுத்து எல்லாரையும் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். பிறகு கேளுங்கள். எழுதிய காகிதம் கையில் இருந்தால் குரல் நடுங்காது. இந்த ஒரு பழக்கம் என் வகுப்பில் பேசுகிறவர்களின் எண்ணிக்கையை மாற்றியது. உச்சரிப்பைக் கேலி செய்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், ஆனால் நீளமாக உபதேசம் செய்யாதீர்கள். கேலி செய்யப்பட்டவருக்கு அந்த உபதேசமும் இன்னொரு அவமானம்.

ஆண்டுக்கு ஒரு மூட் மலாயில் நடத்துங்கள். ஆங்கில மூட்டில் வாய் திறக்காதவர்கள் அன்று நட்சத்திரமாவார்கள். ஆங்கிலச் சிங்கங்கள் அன்று பின்வரிசையில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளட்டும், அதுவும் நல்லதுதான். ஆங்கிலச் சட்ட எழுத்துக்கு உதவி தேவைப்படுபவர்களுக்கு வாரம் ஒரு மணி நேரம் வையுங்கள். அதற்கு ‘பலவீன மாணவர் வகுப்பு’ என்ற மாதிரிப் பெயர் வைத்தால் ஒருவரும் வரமாட்டார். ‘விடை எழுதும் பட்டறை’ என்று போடுங்கள்.

அப்புறம் தமிழ். சட்ட உதவி முகாமுக்கு வரும் பாட்டியிடம் வாடகை ஒப்பந்தத்தைத் தமிழில் விளக்கத் தெரிந்த மாணவர் யார் என்று கேளுங்கள். வகுப்பில் அமைதியாக இருக்கும் அதே ஆள்தான் எழுந்து வருவார். கந்தோனீஸ், இபான், மியன்மார் மொழிகள் தெரிந்தவர்களும் இருப்பார்கள். யாருக்கு எந்த மொழி பேச வரும் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தால் முகாம் நாளில் தங்கம். ஆனால் எந்நேரமும் அவர்களை மொழிபெயர்ப்பாளராக மட்டும் நிறுத்திவிடக் கூடாது. வழக்கைக் கேட்டு ஆலோசனைக் குறிப்பு எழுதும் வேலையும் அவர்களுக்கு வர வேண்டும்.

6. நாள், நேரம், சாப்பாடு, காசு

ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு நாட்காட்டி போடுங்கள். தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் விடுமுறை உண்டு, அவற்றில் யாரும் கூட்டம் வைக்க மாட்டார்கள். தவறு நடப்பது மற்ற நாட்களில். தைப்பூசத்தன்று இரவுவரை பத்துமலையில் இருந்தவர் மறுநாள் காலை எட்டு மணிக்கு வரமாட்டார். பொங்கலுக்கு இங்கே விடுமுறையே கிடையாது. நோன்பு மாதத்தில் மாலை ஆறு மணிக் கூட்டம் என்றால் நோன்பு திறப்பதை மறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். வெள்ளி மதியத்தைத் தொழுகைக்கு விடுங்கள். சபாவின் அறுவடைத் திருநாளான கஅமாத்தான் மே 30, 31. சரவாக்கின் அறுவடைத் திருநாளான காவாய் ஜூன் 1, 2. லண்டன் தேர்வுகள் வருவதும் மே, ஜூனில்தான். தேர்வு அட்டவணையை நீங்கள் மாற்ற முடியாது. ஊருக்குப் போக முடியாமல் விடுதியில் அந்த நாளைக் கழிக்கும் மாணவர்களைக் கூப்பிட்டு ஒரு வேளைச் சாப்பாடு போட முடியும்.

சாப்பாடு என்றால் ஹலால் கட்டாயம். அதோடு மாட்டிறைச்சி கலக்காததும், உண்மையான சைவமும் தனித்தனிக் கரண்டியோடு இருக்க வேண்டும். மீ கோரெங்கிலிருந்து இறாலைப் பொறுக்கி எடுத்துவிட்டால் அது சைவம் ஆகாது.

நேரத்துக்கு வருவோம். இரவு பத்தரை மணிவரை ஒத்திகை என்றால் கார் இல்லாதவர், கிள்ளானுக்கோ காஜாங்கிற்கோ போகிறவர், வீட்டில் இரவு வெளியே விடாத பெண் எல்லாரும் கழிந்துவிடுவார்கள். மதிய இடைவேளையில் வையுங்கள். மாதம் 50 வெள்ளி (ரிங்கிட்) பயண அட்டையில் ரேபிட் கே.எல். ரயிலும் பஸ்ஸும் ஏறலாம், கொமுட்டருக்கு அது செல்லாது. தூரத்திலிருந்து வருகிறவருக்கு ஒவ்வொரு கூட்டமும் தனிச் செலவு. போட்டிக் கட்டணம், அணிச் சட்டை, ஆண்டு விருந்து டிக்கெட் போன்றவற்றுக்குச் சங்க நிதியில் ஒரு பகுதியை ஒதுக்கி, பொருளாளர் ஒருவரிடம் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி வையுங்கள். ஏழ்மையை நிரூபிக்கச் சொல்லாதீர்கள்.

7. படிக்கட்டும் பி.டி.எஃப்.பும்

கர்ப்பால் சிங் 2005 ஜனவரியில் நடந்த விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் வந்துதான் வாதாடினார், 2014இல் இறக்கும்வரை. நாட்டின் மிகப் பெயர்பெற்ற வழக்கறிஞர்களில் ஒருவர். அவர் இன்று உங்கள் கல்லூரிக்குப் பேச வந்தால் மூட் அறைக்குள் நுழைய முடியுமா? கடைவீட்டு மாடியில் வகுப்பு நடக்கும் கல்லூரிகளில் பதில் ‘முடியாது’தான். லிஃப்ட் கட்டும் காசு உங்களிடம் இல்லை. ஆனால் சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலோடோ ஒருவர் இருந்தால் அந்த வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றச் சொல்லலாம். அதற்குத் தேவை ஒரு கடிதம். மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008 கல்வி பெறும் உரிமையைப் பேசுகிறது. அதற்குப் பல் இல்லை என்பது பழைய குறை. இருந்தாலும் கடிதத்தில் அதைக் குறிப்பிடுங்கள், படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

பார்வையற்றோர் விஷயத்தில் கோலாலம்பூர் சட்ட மாணவர்களுக்குச் சாக்குச் சொல்ல இடமே இல்லை. 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறது. நடைபாதையில் மஞ்சள் புடைப்புக் கோடுகள் ஓடுகின்றன. பல சட்ட மாணவர்கள் தினமும் அந்தக் கோட்டின் மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பசியாறப் போகிறார்கள். முதலில் அதை நிறுத்துங்கள். பிறகு உங்கள் குறிப்புகளைப் பாருங்கள். தீர்ப்பை ஒளிப்படம் எடுத்துப் போட்ட பி.டி.எஃப்.பைத் திரைவாசிப்பு மென்பொருள் படிக்காது. கணினிக்கு அது வெறும் படம்தான். எழுத்தாகத் தேர்ந்தெடுத்து நகலெடுக்க முடிகிறதா என்று சோதியுங்கள், முடிந்தால் பெரும்பாலும் படிக்கும். என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் இலவசம். உங்கள் கணினியிலேயே இறக்கி, கண்ணை மூடிக்கொண்டு உங்கள் சொந்தக் குறிப்பைப் பத்து நிமிடம் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன். என் அடிக்குறிப்புகள் எவ்வளவு தொல்லை என்று அன்றுதான் தெரிந்தது.

8. இனமும் மதமும் வகுப்பில் வரும்போது

சட்ட வகுப்பில் இது வராமல் இருக்காது. பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளைகளை மதம் மாற்ற முடியாது என்று 2018இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்த இந்திரா காந்தி வழக்கைப் படித்தே ஆக வேண்டும். விமான நிலைய நெடுஞ்சாலைக்காக நிலம் இழந்த தெமுவான் மக்களின் சாகோங் தாசி வழக்கையும் படித்தே ஆக வேண்டும். தவறு எங்கே நடக்கிறது என்றால், விரிவுரையாளர் வகுப்பிலிருக்கும் ஒரே இந்து மாணவியைப் பார்த்து “உங்க சமூகம் இதைப் பத்தி என்ன நினைக்குது?” என்று கேட்கும்போது. அவள் ஒரு சமூகத்தின் தூதர் அல்ல. மற்றவர்களைப் போல அவளும் தீர்ப்பைப் படித்துவிட்டு வந்த ஒரு மாணவி. மலாய் மாணவரிடம் ஷரியா பற்றியும், ஓராங் அஸ்லி மாணவரிடம் காடு பற்றியும் இப்படிக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன்.

வகுப்பு தொடங்கும் முன் மூன்று ஒப்பந்தங்கள் போதும். வாதம் தீர்ப்பின் பத்தியைச் சுட்டித் தொடங்க வேண்டும். யாரையும் அவருடைய இனத்தின் பெயரால் பேசச் சொல்லக் கூடாது. ஒலிப்பதிவு செய்து வெளியே போடக் கூடாது. மூன்றாவது மிக முக்கியம். இந்த நாட்டில் இனம், மதம், அரச அமைப்பு பற்றிய பேச்சில் பத்து விநாடித் துண்டு ஒருவரைப் போலீஸ் நிலையம்வரை கொண்டுபோகும் என்பது மாணவர்களுக்குத் தெரியும். 1948ஆம் ஆண்டின் தேசநிந்தனைச் சட்டத்தைப் பாடமாகவே படிக்கிறார்கள். அந்தப் பயம் இருக்கும்வரை யாரும் மனத்தில் உள்ளதைப் பேச மாட்டார்கள். பாலின அடையாளம் பற்றிய பேச்சில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். ஒருவர் தன்னைப் பற்றி உங்களிடம் சொன்னால் அது உங்களோடு நிற்க வேண்டும்.

9. புகார் போகும் வழி

சொல்வதற்கு அதிகம் இல்லை, ஆனால் இது இல்லாவிட்டால் மேலே உள்ள எல்லாம் அலங்காரம். புகாரை யாரிடம் கொடுப்பது, அவர்மேலேயே புகார் என்றால் யாரிடம், எத்தனை நாளில் பதில் என்பது ஒரு பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். பெறுகிறவர்கள் இரண்டு பேராவது இருக்கட்டும், அதில் ஒருவர் பெண். மாணவர் சங்கம் விசாரணை நடத்தக் கூடாது. கேட்டு, எழுதி, சரியான இடத்துக்குக் கூட்டிப் போவதோடு உங்கள் வேலை முடிகிறது. சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கு நீதிபதியாகும் ஆசை சீக்கிரம் வந்துவிடும்! பாலியல் தொல்லை என்றால் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தனித் தீர்ப்பாயம் இருக்கிறது. வழக்கறிஞர் வைக்காமல் தானே முறையிடலாம். 2,50,000 வெள்ளிவரை இழப்பீடு விதிக்க அதற்கு அதிகாரம் உண்டு.

10. நம்ம மேசை

தமிழ் வாசகர்களுக்கு எழுதுவதால் இதைத் தவிர்த்தால் நேர்மையாக இருக்காது. இந்திய மாணவர்களின் மேசை எல்லாக் கல்லூரியிலும் உண்டு. எனக்கும் அங்கேதான் சோறு இறங்கியது, மறுக்கவில்லை. ஆனால் அந்த மேசையிலும் ஒரு வாசல் இருக்கிறது. ஆங்கிலம் பேசுகிற நம்மவர் தமிழ்ப்பள்ளிப் பையனைப் பார்த்துச் சிரிப்பது, தமிழ் பேசாத மலையாளியையும் தெலுங்கரையும் பஞ்சாபியையும் ‘நீங்க வேற’ என்பது, தமிழ் முஸ்லிம் தோழியை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று தெரியாமல் விட்டுவிடுவது, ஊர்ப்பெயர் கேட்பதுபோலக் கேட்டு சாதியைத் துழாவுவது. கடைசியாகச் சொன்னது மலேசியாவில் இல்லை என்று சிலர் சத்தியம் செய்வார்கள். கல்யாணப் பேச்சு வரும் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு வாதமும் நம்மவர்கள்தான் சொல்வார்கள்: ‘அம்பிகா சீனிவாசன் வழக்கறிஞர் மன்றத் தலைவராகவே இருந்துவிட்டார், நமக்கு என்ன குறை?’ 2007 முதல் 2009 வரை இருந்தார், பெருமைதான். 2019இல் தெங்கு மைமூன் முதல் பெண் தலைமை நீதிபதி ஆனதும் பெருமைதான். மேலே ஒருவர் ஏறியதை வைத்து, கீழே ஏணி எல்லாருக்கும் எட்டுகிறது என்று முடிவு கட்ட முடியாது.

செய்யக்கூடியது சுலபம். தமிழ்ச் சங்க நிகழ்ச்சியில் மொழிபெயர்ப்பு ஓட்டுங்கள், அழைப்பில் ‘அனைவரும் வரலாம்’ என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். வாரம் ஒரு நாள் மேசை மாறி உட்காருங்கள். படிப்புக் குழுவை விரிவுரையாளரே குலுக்கிப் போட்டால் இன்னும் நல்லது. அப்போது யாரும் யாரையும் தேர்ந்தெடுக்க வேண்டிய சங்கடம் இல்லை. நான்கு பேர் குழுவில் ஒப்பந்தச் சட்டத்தைச் சண்டை போட்டுப் படித்தவர்கள் பிறகு மாமாக் உணவுக் கடையிலும் ஒன்றாகத்தான் உட்காருகிறார்கள்.

11. ஆண்டு முடிவில்

முதல் மாத நோட்டை மறுபடி எடுங்கள். மூட் தேர்வுக்கு வந்தவர்கள் யார், சங்கத் தேர்தலில் நின்றவர்கள் யார், வகுப்பில் பேசியவர்கள் யார் என்று அதே கேள்விகளை அதே முறையில் எண்ணுங்கள். மாறவில்லை என்றால் அதையும் எழுதிப் பொதுவில் வையுங்கள்.

பிறகு கைமாற்றுக் கோப்பு ஒன்று தயாரியுங்கள். மாணவர் சங்கங்களின் சாபம் ஆண்டுதோறும் ஆள் மாறுவதுதான். புதுக் குழு மறுபடியும் கலாசார இரவிலிருந்து தொடங்கும். அறிவிப்புத் தளத்தின் கடவுச்சொல், பகிர்வுக் கோப்பகத்தின் உரிமை, நாட்காட்டி, மொழிப் பட்டியல், சைவச் சமையல்காரரின் தொலைபேசி எண், கோட்டு அலமாரியின் சாவி எல்லாம் அதில் இருக்க வேண்டும். தரைத்தளத்துக்கு வகுப்பை மாற்றக் கேட்டு எழுதிய கடிதத்தின் நகலும், பதில் வந்திருந்தால் அதுவும். வராமல் இருந்தால் எந்தத் தேதியில் மறுபடி கேட்க வேண்டும் என்று மேலே பென்சிலால் குறித்து வையுங்கள்.